பொன்வாசல் சபையின் பொருளாளர்

ஓடைத்தாங்கல் காலனி ஐசக்குக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அதுவும் 'ஐ' போட்டு முடித்ததும் கொஞ்சம் இளைப்பாறிவிட்டுத்தான் 'ச'வுக்குப் போவான். இந்த ஒரு படிப்பை வைத்துக்கொண்டு அவன் பொன்வாசல் சர்வதேச எழுப்புதல் சபையின் பொருளாளர் ஆனான்.

அந்தச் சபை உத்திரமேரூருக்குத் தெற்கே ஐந்து மைலில் இருந்தது. எழுபத்துமூன்றாம் வருஷம் பாஸ்டர் சாமுவேல் ஒரு சைக்கிளும் ஒரு கஞ்சிராவுமாகக் காலனிக்கு வந்தபோது அது ஒரு ஓலைக் கொட்டகை. எண்பத்தைந்தில் அது இருநூறு அடி நீள ஆஸ்பெஸ்டாஸ் மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம், மதுராந்தகம், அரக்கோணம் என்று நாலு பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து ஐயாயிரம் பேர் வந்தார்கள். பாஸ்டர் ஒரு தடவை பத்து நாள் கொழும்புக்குப் போய்வந்ததால் சபை சர்வதேசச் சபை ஆயிற்று. அவருக்கு டாக்டர் பட்டமும் உண்டு. அது அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்தது. உறையில் தபால்தலை குறைவாக ஒட்டியிருந்ததால் இரண்டு ரூபாய் அபராதம் கட்டித்தான் அவர் டாக்டர் ஆனார்.

சபையை டிரஸ்ட்டாகப் பதிவு செய்யப் போனபோது பொருளாளர் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தலைவர் பாஸ்டர், செயலாளர் பாஸ்டரம்மா, உபதலைவர் பாஸ்டரம்மாவின் தம்பி. பொருளாளரும் குடும்பத்துக்குள்ளேயே இருந்தால் பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள். அடுத்த ஞாயிறு பாஸ்டர் மேடையிலிருந்து விரலை நீட்டினார்.

"பிரியமானவர்களே, ஆண்டவர் பி.காம். படித்தவனைத் தேடிப் போகவில்லை. மீன் பிடிக்கிறவனைத் தேடிப் போனார். சீஷர்களில் கணக்கு வழக்கு தெரிந்தவன் ஒருத்தன் இருந்தான். பணப்பையும் அவன் கையில்தான் இருந்தது. அவன் கடைசியில் ஆண்டவரையே காட்டிக்கொடுத்தான் என்று உங்களுக்குத் தெரியும். ஆகையால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பரிசுத்தவானைக் கர்த்தர் எனக்குக் காட்டியிருக்கிறார். ஐசக் பிரதர், எழுந்து நில்லுங்கள்."

ஐசக் எழுந்து நின்றான். ஐயாயிரம் பேர் கை தட்டினார்கள். அவன் வாழ்நாளில் அவனுக்காக யாரும் கை தட்டியதில்லை. ஏர் ஓட்டும்போது மாட்டுக்குத் தட்டுவார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டி மேரியிடம் சொன்னான். அவள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பொருளாளருன்னா இன்னா? பொருளு உன்கிட்ட இருக்குமா?"

"பொருளு பாஸ்டரய்யாகிட்ட இருக்கும். ஆளு நானு."

மேரியின் அம்மா சிட்டம்மாளும் அவர்களோடுதான் இருந்தாள். அறுபது தாண்டியும் நடவுக்குப் போகிறவள். மகளும் மருமகனும் ஞானஸ்நானம் வாங்கிய நாளில் அவள் எல்லையம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போயிருந்தாள். அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் கூப்பிட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. "உங்க சாமிக்குக் காது கேக்காதா? எட்டு ரேடியோ கட்டிக் கத்தறீங்க" என்று மட்டும் கேட்பாள்.

ஐசக் அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டதற்குக் காரணம் கைதட்டல் இல்லை. காலனிக்கு ஒரு குறை இருந்தது. சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். இந்துவாக இருந்தாலும் கிறிஸ்தவனாக இருந்தாலும் காலனிக்காரன் எல்லாரும் போய்ப் படுக்கிற இடம் அது ஒன்றுதான். காலனிக்கும் அதற்கும் நடுவில் தாண்டவராயனின் ஒன்பது ஏக்கர். தாண்டவராயன் அரிசி மில் வைத்திருப்பவர், பெரிய நிலக்காரர். பிணம் போனால் நிலம் தீட்டாகிவிடும் என்று வரப்பில்கூட விடமாட்டார். வாய்க்காலில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில், பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எழுபத்தேழு பெருமழையில் ஐசக்கின் அப்பாவைக் கொண்டுபோனபோது முன்னால் தூக்கினவன் கால் வழுக்கிற்று. பிணம் தண்ணீரோடு போய்விட்டது. ஒரு மணி நேரம் தேடி, கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டிருந்த தகப்பனை ஐசக்தான் கண்டுபிடித்தான். அன்றிலிருந்து அவனுக்கு வாழ்க்கையில் கேட்பதற்கு ஆறடி அகலப் பாதை ஒன்றுதான் இருந்தது. முப்பது வருஷமாகக் காலனி கொடுத்த மனுக்களில் எல்லாம் அதுதான் இருந்தது. மனுக்கள் எங்கே இருந்தன என்றுதான் தெரியவில்லை.

"தனியாள் கொடுத்தால் அது காகிதம்" என்றார் பாஸ்டர். "ஸ்தாபனம் கொடுத்தால் அது ராக்கெட். நீ கையெழுத்துப் போடு. பாதை என் பொறுப்பு."

ஐசக் போட்டான். சனிக்கிழமைதோறும் பாஸ்டர் பங்களாவுக்குப் போய் உபதலைவர் காட்டிய இடத்தில் எல்லாம் போட்டான். அன்றைக்குக் கூலி வேலைக்குப் போக முடியாது. ஆனால் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு. சில தாள்களில் கீழே கோடு மட்டும் இருக்கும், மேலே வெள்ளையாக இருக்கும்.

"மேல ஒண்ணும் எழுதலியே ஐயா" என்று ஒரு தரம் கேட்டான்.

பாஸ்டர் அவன் தோளில் கை வைத்தார். "பார்த்துவிட்டுப் போட்டால் அது கையெழுத்து பிரதர். பார்க்காமல் போட்டால் அது விசுவாசம்."

அந்த வருஷம் ஆடி மாதம் நகை ஒழிப்பு ஞாயிறு வந்தது. நகை உலகப் பற்று, உலகப் பற்று பாவம் என்று பாஸ்டர் ஒன்றரை மணி நேரம் பேசினார். பெண்கள் அழுதுகொண்டே காதிலும் மூக்கிலும் இருந்ததைக் கழற்றித் தட்டில் போட்டார்கள். மேரி தன் கம்மலைக் கழற்றும்போது திருகாணி இறுகிக்கொண்டு காதில் ரத்தம் வந்தது. "உங்கள் பாவத்தைச் சபை சுமந்துகொள்ளும்" என்றார் பாஸ்டர். சபை அதைச் சுமந்துகொண்டு போய்க் காஞ்சிபுரத்தில் ஒரு நகைக்கடையில் எடை போட்டது. ஓடைத்தாங்கலும் சுற்று வட்டாரமும் சேர்ந்து செய்திருந்த பாவம் எழுபத்திரண்டு சவரன், கழிவு போக.

ஆறு வாரம் கழித்து மண்டபத்து வாசலில் வெள்ளை அம்பாசிடர் ஒன்று மாலையோடு நின்றது. பாஸ்டர் கண் கலங்கினார். "நான் கேட்கவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று மூன்று நாள் உபவாசம் இருந்தேன். கர்த்தர் விடவில்லை. ஆண்டவர் கழுதைமேல் போனாரே, பாஸ்டர் காரில் போகலாமா என்று சில வாலிபர்கள் கேட்கிறார்கள். ஆண்டவர் ஏன் கழுதைமேல் போனார்? அந்த ஊரில் அன்றைக்கு இருந்ததில் நல்ல வண்டி அதுதான்."

சபைக்குத் தபால் கொண்டுவருகிறவர் கிருஷ்ணசாமி. அவர் சபையைச் சேர்ந்தவர் இல்லை. ஆனால் சபைக்கு எங்கிருந்து என்ன வருகிறது என்று கர்த்தருக்கு அடுத்தபடியாக அவருக்குத்தான் தெரியும். ஒரு நாள் உத்திரமேரூர் பெருமாள் கோயில் பக்கத்து டீக்கடையில் ஐசக்கைப் பார்த்துவிட்டார்.

"இன்னாப்பா பொருளாளரு, மாசம் இருநூறு மணியார்டருக்குக் கொறையாம குடுத்துக்கினு கீறேன். வெளிநாட்டுக் கவரு வேற. வருசத்துக்கு இன்னாதான் வருது?"

"எனக்கு இன்னா சார் தெரியும்? நான் கையெழுத்து மட்டுந்தான்."

"அதான்டா பேஜாரு. நாளைக்கு எவனாவது கேட்டா உன்னத்தான கேப்பான்." கிருஷ்ணசாமி கோயில் பக்கம் கை காட்டினார். "அங்க கல்லுல வெட்டி வெச்சிக்கிறான் பாரு, ஆயிரம் வருசமா. கணக்குக் காட்டாதவன் தேர்தல்ல நிக்கக் கூடாது, அவன் மாமன் மச்சான் எவனும் நிக்கக் கூடாதுன்னு. வெள்ளைக்காரன்லாம் வந்து படிச்சிட்டுப் போறான். நீ பக்கத்துலயே டீ குடிக்கிற."

ஐசக் இதைப் பயந்து பயந்து பாஸ்டரிடம் சொன்னான். அவர் கோபப்படவே இல்லை. "அது இந்துக் கல்வெட்டு பிரதர், நம்மைக் கட்டாது. ஆனாலும் கணக்கு கேட்கிறீர்கள், நியாயம். நம்மிடம் ஒளிவு மறைவு என்ன இருக்கிறது?" என்று சொல்லி, அடுத்த ஞாயிறைக் கணக்கு ஞாயிறு என்று அறிவித்தார்.

அன்றைக்குத் தலையணை கனத்துக்கு ஒரு பேரேடு மேடைக்கு வந்தது. பாஸ்டர் அதைத் திறந்து, "வரவு" என்று தெளிவாகப் படித்தார். அப்புறம் கண்ணை மூடினார். உடம்பு ஆடிற்று. ஆவி வந்தவர்கள் பேசுகிற, யாருக்கும் புரியாத அந்நிய பாஷை இறங்கிவிட்டது. "ஷபரா லபரா ஷிந்தாரே" என்று தொடங்கி, பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, இருபத்தைந்து நிமிஷம் கணக்குப் படித்தார். நடுவில் "செலவு" என்று ஒரு தடவை தமிழ் வந்தது. பிறகு மறுபடியும் ஆவியானவர் எடுத்துக்கொண்டார். ஐசக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதில் அவனுக்குப் புரிந்த வார்த்தை ஒன்றுதான். அம்பாசிடர். அது இரண்டு தடவை வந்தது. கடைசியில், "மீதி, ஆமென்" என்று பேரேட்டை மூடிவிட்டு, கணக்கை ஏற்கிறவர்கள் கை தூக்கும்படி கேட்டார். எல்லாரும் ஏற்கெனவே கை தூக்கித் துதித்துக்கொண்டிருந்ததால் கணக்கு ஏகமனதாக நிறைவேறியது.

எண்பத்தாறு மாசியில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. ஒன்றியத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் தாண்டவராயன். இன்னொருவர் ரோடு காண்ட்ராக்டர் கோபால்.

ஞாயிறு காலை ஆராதனைக்குத் தாண்டவராயன் வந்தார். அவரை மேடையில் உட்காரவைத்துவிட்டு பாஸ்டர் பேசினார். "சபை அரசியலில் தலையிடாது. அரசியல் சபையில் தலையிட்டால் நாம் தடுக்கிறதும் இல்லை. ஐயா அவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். இந்த மந்தையில் இந்த ஒன்றியத்து ஆடுகள் மட்டும் மூவாயிரத்து நானூறு. எல்லா ஆட்டுக்கும் ஓட்டர் லிஸ்டில் பெயர் இருக்கிறது. மேய்ப்பன் விசில் அடித்தால் ஒரே பட்டியில் போய் அடையும்." பிறகு தாண்டவராயன் தலையில் எண்ணெய் வைத்து, ஒன்றியத்தின் நாற்காலி அவருக்கு என்று கர்த்தர் காட்டியதாகத் தீர்க்கதரிசனம் சொன்னார்.

மாலை ஆராதனைக்குக் கோபால் வந்தார். அவருக்கும் அதே எண்ணெய், அதே நாற்காலி.

ஆராதனை முடிந்ததும் ஐசக் பாஸ்டரிடம் போனான். "காலையில அவரு ஜெயிப்பாருன்னு சொன்னீங்களே ஐயா."

"இரண்டு பேரில் ஒருவர் ஜெயிப்பாரா இல்லையா?"

"ஜெயிப்பாரு."

"அப்போது தீர்க்கதரிசனம் நிறைவேறும். தோற்கிறவருக்கு விசுவாசம் போதவில்லை, அவ்வளவுதான்."

யாருக்கு விசில் என்று கர்த்தர் பத்து நாள் யோசித்தார். கோபால் மண்டபத்துக்குச் சிமெண்டுத் தரை போட்டுத் தருவதாகச் சொன்னார். தாண்டவராயன், பாதையும் வாய்க்காலுக்கு அப்பால் புறம்போக்கு நிலமும் வாங்கித் தருவதாகச் சொன்னார். கர்த்தர் தாண்டவராயனைக் காட்டினார்.

அந்த வாரம் தாண்டவராயன் காலனிக்குள் வந்தார். அவர் பிறந்த நாளிலிருந்து காலனித் தெருவில் அவர் செருப்புப் பட்டதில்லை. ஐசக்கின் வீட்டு வாசலில் நின்று, "பொருளாளரே, சௌக்கியமா?" என்று கேட்டார்.

ஐசக் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தான். "கீறோம் ஆண்டே."

"ஆண்டேன்னுலாம் கூப்புடாத. பிரதருன்னு கூப்புடு. நாம எல்லாம் ஒண்ணுதானே" என்று சொல்லி, கொடுத்த சோடாவில் பாதியைக் குடித்துவிட்டுப் போனார். மீதிப் பாதியை என்ன செய்வது என்று தெரியாமல் ஐசக் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"பாதைய அடைச்சவனுக்கே ஓட்டா?" என்றாள் மேரி.

"அடைச்சவன்தானடி தொறக்க முடியும்."

வீடு வீடாகப் போய்ப் பாதையைச் சொல்லித்தான் அவன் ஓட்டுக் கேட்டான். நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தின் கைநாட்டு வாங்கி, பாதையும் சுடுகாட்டுக்குக் கூடுதலாக ஒன்றரை ஏக்கரும் கேட்டு, சபையின் தாளில் மனு எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டான். இந்தத் தடவை மேலே எழுத்து இருந்தது. அவனுக்குப் படிக்கத்தான் தெரியவில்லை. தாண்டவராயன் ஜெயித்தார். விசில் இல்லாவிட்டால் தோற்றிருப்பார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

வைகாசியில் ரோடு போட்டார்கள். ஆறடி கேட்ட இடத்தில் இருபதடி, நல்ல தார் ரோடு, வாய்க்காலுக்கு மேல் பாலத்தோடு. பிணம் தூக்க மூன்றடி வரப்பு விடாத நிலத்தின் நடுவில் இருபத்தொரு நாளில் போட்டு முடித்தார்கள். ஐசக் அந்தச் சூட்டில் வெறுங்காலோடு அந்தக் கடைசிவரை நடந்து போய் நடந்து வந்தான். சந்தோஷத்தில் அவனுக்குக் கால் சுட்டதே தெரியவில்லை. அடுத்த வாரம் ரோட்டின் முடிவில் காம்பவுண்டுச் சுவர் எழும்பத் தொடங்கியது. அப்போதும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஐசக்கின் பெயருக்குத் தபாலில் வந்த சர்க்கார் ஆர்டரைக் கிருஷ்ணசாமிதான் படித்துச் சொன்னார். வாய்க்காலுக்கு அப்பால் நாலு ஏக்கர் பன்னிரண்டு சென்ட் புறம்போக்கு, பழைய சுடுகாடு உட்பட, பொன்வாசல் டிரஸ்ட்டுக்கு, பொதுநலக் காரியங்களுக்காக. கோரியவர் ஐசக், பொருளாளர்.

"உங்களுக்குப் பாதை வந்திச்சு. சுடுகாடு போயிடுச்சு" என்றார் கிருஷ்ணசாமி.

ஐசக் நேராகப் பங்களாவுக்குப் போனான். பாஸ்டர் ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினார். நடுவில் இருபதாயிரம் பேர் உட்காரும் புது மண்டபம். ஒரு பக்கம் பாஸ்டர் பங்களா. ஓரத்தில் பச்சை மசியில் ஒரு துண்டு நிலம்.

"இது நித்திரைத் தோட்டம். சுடுகாடு என்று இனிமேல் சொல்லாதீர்கள், அது அஞ்ஞானிகளின் வார்த்தை. மூன்று வகுப்பு. புது மண்டபத்து அஸ்திபாரக் கல் பக்கத்து மேட்டு நிலம் மகிமை வகுப்பு, மூவாயிரம் ரூபாய். அதற்குக் கீழே கிருபை வகுப்பு, ஆயிரத்து ஐந்நூறு. வாய்க்கால் ஓரம் இரக்க வகுப்பு, ஐந்நூறு. அங்கே கொஞ்சம் தண்ணீர் ஊறும். வருமானத்தில் பத்தில் ஒன்று, அந்தத் தசமபாகத்தைப் பத்து வருஷம் பாக்கியில்லாமல் கட்டியிருக்க வேண்டும்."

"கூலிக்காரங்க ஐந்நூறுக்கு எங்க ஐயா போவாங்க?"

"தவணை உண்டு. உயிரோடு இருக்கும்போதே ஆரம்பித்தால் சுலபம்."

"எங்கப்பன் அங்கதான் கீறாரு."

"அவர் எங்கே இருக்கிறார் என்று வரைபடத்தில் காட்டுங்கள் பார்ப்போம்" என்றார் பாஸ்டர் அன்பாக. ஐசக்குக்குக் காட்டத் தெரியவில்லை. புல்டோசர் குழிமேடுகளை எல்லாம் நிரவி ஒரு வாரம் ஆகியிருந்தது.

அவன் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னான். மேரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. காலனியில் எதிரே வந்தவர்கள் அவனைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஐப்பசியில் சிட்டம்மாள் செத்துப்போனாள். காலையில் தாண்டவராயனின் கழனியில் களை பறிக்கப் போனவள், பதினொரு மணிக்குக் குனிந்தபடியே முன்னால் சாய்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கிப் பார்த்தபோது வாயில் வெற்றிலை அப்படியே இருந்தது. ஐசக் அப்போது திருப்புலிவனத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தான். சேதி போய் அவன் வந்து சேரப் பகல் இரண்டு மணி ஆயிற்று.

மேளத்தோடு அந்தத் தார் ரோட்டில்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். காலனியின் பிணம் ஒன்று கால் நனையாமல் போனது அதுதான் முதல் தடவை. கேட்டில் உபதலைவர் நின்றுகொண்டிருந்தார். கையில் ரசீதுப் புத்தகம்.

"இது யாரு? ஞானஸ்நானம் வாங்கினவங்களா?"

"இல்ல" என்றான் ஐசக்.

"தசமபாகம்?"

"இல்ல."

"அப்போ எடுத்துக்கினு போங்க. வெளியாளுக்கு எடமில்ல. விலக்கு குடுக்கணும்னா ஃபாரம் கீது, பொருளாளர் கையெழுத்துப் போடணும்."

"நான்தான பொருளாளரு."

"ஃபாரம் தலைவரு பீரோவுல கீது. அவரு சிங்கப்பூர் போயிருக்காரு. நாலு நாளாவும்."

மேளம் நின்றுவிட்டது. பாடை தூக்கியிருந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். எல்லாரும் ஐசக்கைப் பார்த்தார்கள். மேரியும் பார்த்தாள். அவன் கீழே குனிந்து ரோட்டோரத்தில் கிடந்த கரித்துண்டு ஒன்றை எடுத்தான். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவருக்குப் போய், தலை உயரத்துக்கு, முழங்கை நீளத்துக்குத் தன் பெயரை எழுதினான். 'ஐ' போட்டுவிட்டு வழக்கம்போல இளைப்பாறினான். ஒருத்தரும் அவனை அவசரப்படுத்தவில்லை. முடித்ததும் கரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, "பொருளாளர் போட்டாச்சு. வழி விடு" என்றான்.

உபதலைவர் விடவில்லை. ஆனால் எதிரே இருநூறு பேர் இருந்தார்கள். கேட் திறந்தது.

"எங்க வெட்டட்டும்?" என்று மண்வெட்டிக்காரன் கேட்டான். மேரி சுற்றிலும் பார்த்தாள். அஸ்திபாரக் கல் நட்ட மேட்டுக்கு நடந்து போய், பக்கத்தில் காலால் ஒரு கோடு கிழித்தாள். "இங்க. தண்ணி ஊறாத எடமா பாத்து வெட்டு."

அந்த நாலு நாளும் ஐசக் போலீஸுக்காகக் காத்திருந்தான். உபதலைவர் எழுதிக் கொடுத்திருந்தார். பிணம் தன் நிலத்து நடுவில் போய்விட்டதென்று தாண்டவராயன் அதைத் தோண்டி எடுக்க ஆள் பிடித்துக்கொண்டிருப்பதாகப் பேச்சு. அதற்குள் சுற்று வட்டாரக் காலனிகளில் இருந்தெல்லாம் ஜனங்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். சுவரில் இருந்த கரியெழுத்தைப் பார்ப்பார்கள், மேட்டில் பூ வைப்பார்கள், போவார்கள். மூன்றாம் நாள் எழுநூறு பேர்.

பாஸ்டர் சிங்கப்பூரிலிருந்து வந்தார். ஐசக் பங்களாவுக்குக் கூப்பிடப்பட்டான். ஜெயிலுக்குத்தான் என்று நினைத்து, மாற்று வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு போனான். பாஸ்டர் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ மனக்கணக்குப் போடுகிறவர்போல இருந்தார்.

"எழுநூறு பேராமே?"

"ஆமா ஐயா."

"கையில் பூவோடு?"

"ஆமா."

"காணிக்கை எங்கே வைக்கிறார்கள்?"

"காணிக்கையா? அதெல்லாம் யாரும் வெக்கலியே."

"பாவம், வைக்க ஒரு இடம் இல்லாமல் திரும்பிப் போகிறார்கள்" என்றார் பாஸ்டர். போலீஸ் மனுவை அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு மண்டபம் நிரம்பி வழிந்தது. "பிரியமானவர்களே, நாம் கல்லறையை வணங்குகிறவர்கள் அல்ல. மதிக்கிறவர்கள்" என்று பாஸ்டர் தொடங்கினார். "நம்முடைய நித்திரைத் தோட்டத்தின் முதல் கனி சகோதரி சிட்டம்மாள். அறுபது வருஷம் இருளில் இருந்தவள். கடைசி மூச்சில், கழனித் தண்ணீரிலேயே எனக்கு ஞானஸ்நானம் தாருங்கள் என்று கதறினாள். கொடுத்தது அவளுடைய மருமகன். இதோ அவர் கையெழுத்துப் போட்ட சாட்சிப் பத்திரம்."

பாஸ்டர் தாளைத் தூக்கிக் காட்டினார். கீழே கோட்டின்மேல் ஐசக்கின் பெயர் இருந்தது. மேலே இருந்த வெள்ளை, தட்டச்சில் நிரம்பியிருந்தது.

ஐசக் எழுந்தான். யாரும் கூப்பிடாமல் மேடையேறி, பாஸ்டர் முன்னால் இருந்த மைக்கில் வாயை வைத்தான். "அது பொய்யி. நான் அங்க இல்லவே இல்ல, திருப்புலிவனத்துல இருந்தேன். அது கடைசி வரைக்கும் எல்லையம்மனைத்தான் கும்பிட்டிச்சு. சாவசொல்ல அது வாயில வெத்தல இருந்திச்சு. எங்கப்பன் மேல நீங்க புல்டோசர் வுட்டீங்க."

சொன்னதெல்லாம் நல்ல தமிழில், எட்டு ஒலிபெருக்கியிலும் கேட்டது. பாஸ்டர் அவனை மார்போடு அணைத்துக்கொண்டார். மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"கேட்டீர்களா? துக்கத்தில் ஆவி இறங்கி, அந்நிய பாஷை பேசுகிறார்."

டிரம்ஸ் விழுந்தது. ஐயாயிரம் பேர் கையைத் தூக்கி அல்லேலூயா சொன்னார்கள். ஐசக் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். அவன் சத்தமாகச் சொல்லச் சொல்ல அவர்களும் சத்தமாகத் துதித்தார்கள். முன்வரிசையில் ஒரு கிழவி அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் பங்களாவுக்குப் போகவில்லை. அதனால் எதுவும் நிற்கவில்லை. பெயர்கூட எழுதத் தெரியாத ஒருவரைப் பொருளாளராக வைத்துக்கொண்டார்கள். அவருடைய கட்டைவிரல் சீக்கிரமாக வேலை செய்தது.

முப்பதாம் நாள் படையலுக்கு மேரியும் ஐசக்கும் சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு போனார்கள். மேட்டில் வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள். சுற்றிலும் கம்பி, நடுவில் பூட்டுப் போட்ட பெட்டி. கேட்டில் காலனிக்காரன் ஒருவனைத்தான் காவலுக்கு வைத்திருந்தார்கள். அவன் மேரியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"டோக்கன் வாங்கணும்க்கா. அம்பது பைசா."

"எங்கம்மாடா அது."

"தெரியும்க்கா. சொந்தக்காரங்களுக்குச் சலுகை கீது. நாப்பது."

ஐசக் சட்டைப் பையைத் துழாவினான். மேரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுக்காத" என்றாள். "அது நட்ட நாத்துக்கே பாதி நாளு எவனும் கூலி குடுக்கல. இப்ப அதப் பாக்கறதுக்கு நான் குடுக்கணுமா?"

அப்போது அரக்கோணம் பஸ் ஒன்று வந்து நின்றது. நாற்பது, ஐம்பது பெண்கள் இறங்கி, சேலை முந்தானையில் முடிந்த சில்லறையை அவிழ்த்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அதில் ஒருத்தி, நடுவயதுக்காரி, மேரியின் கையில் இருந்த தூக்கைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இந்த ஊரா நீங்க? அந்தப் புண்ணியவதிய நேர்ல பாத்திருக்கீங்களாம்மா?"

மேரி கம்பிக்கு உள்ளே ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இல்லம்மா. நாங்க வெளியூரு."